தினசரி காலண்டர் தாளைப் படிக்கப் பழகுவது எப்படி?

தனிக்குடித்தனம் வந்த முதல் ஜனவரியில், ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்த தினசரி காலண்டரைச் சமையலறை வாசலருகே ஆணி அடித்து மாட்டினேன். அதுவரை தாள் கிழிப்பது தாத்தாவின் வேலை. குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து கிழிப்பார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி ஒரு நிமிடம் படிப்பார். "ஒன்பதரைக்கு மேல் கிளம்பு" என்பார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் எதைப் பார்த்தார் என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். உள்ளங்கை அகலத் தாளில் இருபது முப்பது செய்திகள். எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டால் வீட்டுப் படியைத் தாண்ட முடியாது.

அப்படித் தாளின் முன் விழித்துக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இது. ஜோதிடம் கற்றுத்தரப் போவதில்லை. நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், மாமியாருக்காகப் பார்ப்பவர் ஆகிய மூவரும் தாளைப் படிக்கும் முறை ஒன்றுதான்.

முதல் வேலை: பென்சிலால் மூன்றாகப் பிரியுங்கள்

நேற்றுக் கிழித்த தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகியவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இவை வானத்தில் சூரியனும் சந்திரனும் நிற்கும் நிலை. அவை மாறும் கணம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றே. கடிகாரம் காட்டும் மணிதான் வேறு.

ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், கௌரி நல்ல நேரம் ஆகியவற்றுக்குக் கீழே கோடு போடுங்கள். இவை உங்கள் ஊரில் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பொறுத்தவை. ஊர் மாறினால் மாறும்.

சூலம், பரிகாரம், கரிநாள், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லாகப் போட்டிருக்கும் பலன் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். இவை வழக்கத்தில் வந்தவை. அந்த ராசிபலன் வரியைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். வேறு பயனை நான் கண்டதில்லை.

இந்தப் பிரிவு மனதில் பதிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

தேதியும் கிழமையும்

தாளின் தலைப்பகுதியில் ஆங்கிலத் தேதி பெரிதாக இருக்கும். பக்கத்தில் தமிழ் வருடத்தின் பெயர், தமிழ் மாதம், தேதி. பெரும்பாலும் இஸ்லாமிய மாதத் தேதியும் இருக்கும். வருடப் பெயர்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. 2025 ஏப்ரலில் பிறந்தது விசுவாவசு, அடுத்தது பராபவ.

தமிழ் மாதம் சூரிய மாதம். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவது சூரியன் மறைவதற்குள் நடந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்த பிறகு நடந்தால் மறுநாள். கேரளத்தில் இந்த எல்லைக்கோடு வேறு இடத்தில் இருப்பதால்தான் சில ஆண்டுகளில் நம் சித்திரை முதல் நாளும் அவர்களுடைய விஷுவும் ஒரு நாள் தள்ளி வருகின்றன. மாதத்துக்கு 29 முதல் 32 நாட்கள். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வந்து வேகமாக ஓடுவதால் மார்கழி குறுகும். ஜூலையில் மெதுவாகப் போவதால் ஆனி நீளும்.

கிழமையில் ஒரே ஒரு சூட்சுமம். பஞ்சாங்கத்தின் நாள் நள்ளிரவில் மாறாது, சூரிய உதயத்தில் மாறும். செவ்வாய் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தை, பஞ்சாங்கக் கணக்கில் திங்கட்கிழமைக் குழந்தை. மருத்துவமனைச் சான்றிதழில் செவ்வாய் என்றிருக்கும். இரண்டும் சரிதான்.

திதி: இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்

அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் நிற்கின்றன. அதன்பின் சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. முழுச் சுற்று 360 பாகை, ஆகவே 30 திதிகள். வளர்பிறையில் 15, தேய்பிறையில் 15. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடியும், இன்னொன்று 26 மணி நேரத்தையும் தாண்டும். திதி மாறும் நேரம் ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். சில நாள் காலையில் ஒரு திதி தொடங்கி மறுநாள் விடிவதற்குள் முடிந்தும் போகும்.

தாளில் "நவமி காலை 10.40 வரை, பின்பு தசமி" என்று போட்டிருப்பார்கள். பழைய பாணிப் பஞ்சாங்கப் புத்தகத்தில் நாழிகைக் கணக்கு இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. "தசமி 24.30" என்றால் சூரிய உதயத்திலிருந்து 24 நாழிகை 30 விநாழிகை, அதாவது இருபத்துநாலரை நாழிகை. இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். ஆகவே 9 மணி 48 நிமிடம். அன்று உதயம் 6.35 என்றால் மாலை 4.23 வரை தசமி. ஒரு வாரம் போட்டுப் பார்த்தால் விரலுக்கு வந்துவிடும்.

இப்போது என் சறுக்கல். தாத்தா காலமானது ஒரு தசமியில். முதல் வருடத் திதிக்கு நானே தாள் பார்த்தேன். முதல் நாள் தாளில் நவமி காலை 10.40 வரை. மறுநாள் தாளில் தசமி காலை 9 மணி வரை. உதயத்தில் தசமி இருக்கும் நாள்தானே தசமி என்று மறுநாளைக் குறித்து, உறவினர்களுக்கும் சொல்லிவிட்டேன். வந்த சாஸ்திரிகள் தாளைப் பார்த்துவிட்டு, "நேற்றல்லவா செய்திருக்க வேண்டும்" என்றார். சிராத்தத்துக்கு உதயத் திதி கணக்கில்லை. பகலை ஐந்தாகப் பிரித்தால் வரும் நான்காம் பங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் முதல் மூன்றரை மணி வரையிலான பிற்பகலில் எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் கணக்கு. நல்ல காலண்டர்களில் "சிரார்த்த திதி" என்று தனியாக ஒரு வரியே அச்சிட்டிருப்பார்கள். என் சமையலறைத் தாளிலும் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ஆகவே, எந்தக் காரியத்துக்கு எந்த வேளைத் திதி என்பதை முதலில் கேளுங்கள். பிரதோஷத்துக்கு மாலை வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். ஏகாதசி விரதத்துக்கு உதயம் முக்கியம். திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் பௌர்ணமி தொடங்கும் மணியையும் முடியும் மணியையும் பார்க்கிறார்கள். அதனால்தான் சில மாதங்களில் இரண்டு இரவுகளும் கூட்டம்.

அஷ்டமி, நவமியில் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள். கண்ணன் பிறந்தது அஷ்டமியில், ராமன் பிறந்தது நவமியில். இதை யாராவது ஒருவர் எல்லாக் கல்யாணப் பேச்சிலும் எழுப்புவார். பெரியவர்கள் கேட்டுவிட்டு நாளை மாற்றுவார்கள்.

நட்சத்திரம்

சந்திரனின் பாதையை 27 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நட்சத்திரம். ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒன்று. இதிலிருந்து பிறப்பவை தாளில் இன்னும் இரண்டு வரிகள்.

ஒன்று, நோக்கு நாள். ரோகிணி, பூசம், உத்திரம், திருவோணம் போன்ற ஒன்பது நட்சத்திரங்கள் மேல்நோக்கு. கட்டடம் எழுப்ப, மரம் நட. பரணி, மகம், விசாகம், மூலம் போன்ற ஒன்பது கீழ்நோக்கு. கிணறு தோண்ட, கிழங்கு நட. அசுவினி, அஸ்தம், சுவாதி, ரேவதி போன்ற மீதி ஒன்பது சமநோக்கு. உழவு, பயணம், வண்டி வாங்குதல். மண்ணோடு வேலை செய்தவர்கள் வகுத்த கணக்கு என்பது பார்த்தாலே தெரிகிறது.

மற்றொன்று, பலரை மிரட்டும் சந்திராஷ்டமம். உங்கள் ராசியிலிருந்து எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் காலம் அது. மாதத்துக்கு ஒருமுறை, இரண்டேகால் நாள். தாளில் சந்திராஷ்டமம் என்ற வரியில் ஒரு நட்சத்திரப் பெயர் போட்டிருந்தால், அந்த நட்சத்திரக்காரர்கள் அன்று வாக்குவாதம், புது முயற்சி இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்று பொருள். உங்கள் நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் பதினேழாவது நட்சத்திரம் நடக்கும் நாள் அது. சுவாதிக்காரருக்கு ரோகிணி.

யோகமும் கரணமும்

இரண்டு வரியில் முடிக்கலாம். பஞ்சாங்கத்தின் அசல் யோகங்கள் விஷ்கம்பம் தொடங்கி வைதிருதி வரை 27. ஆனால் தாளில் நீங்கள் காணும் சித்தயோகம், அமிர்தயோகம், மரணயோகம் என்பவை வேறு. கிழமையும் நட்சத்திரமும் சேர்வதால் வருபவை. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் குழம்புகிறார்கள். முதலிரண்டும் நல்லவை, மூன்றாவதைத் தவிர்ப்பார்கள். கரணம் என்பது அரைத் திதி. மொத்தம் பதினொரு பெயர்கள். புதியவருக்கு இப்போது வேண்டாம்.

ராகு, எமகண்டம், குளிகை: மனப்பாடம் செய்யும் வழி

பகலைக் காலை 6 முதல் மாலை 6 வரை என்று வைத்து எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு கிழமையும் இதில் ஒரு பங்கு ராகு காலம். ஒழுங்கில்லாத வரிசை என்பதால் ஒரு வாக்கியத்தை நம் ஊரில் பாடமாகச் சொல்வார்கள்: "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?" முதலெழுத்துகளைப் பாருங்கள். திங்கள் 7.30, சனி 9.00, வெள்ளி 10.30, புதன் 12.00, வியாழன் 1.30, செவ்வாய் 3.00, ஞாயிறு 4.30. தொடங்கும் நேரத்துடன் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டினால் முடியும் நேரம்.

மற்ற இரண்டுக்கும் வாக்கியமே வேண்டாம். பகலின் எட்டுப் பங்குகளில் முதல் பங்கை அன்றைய கிழமையின் கிரகத்துக்குக் கொடுங்கள். அடுத்தடுத்த பங்குகளைக் கிழமை வரிசையிலேயே கொடுத்துக்கொண்டு போங்கள். வியாழனுக்கு விழும் பங்கு எமகண்டம், சனிக்கு விழும் பங்கு குளிகை. ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள்: ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், ஐந்தாவது வியாழன். ஐந்தாம் பங்கு பகல் 12 முதல் 1.30, அதுவே எமகண்டம். ஏழாவது சனி, பிற்பகல் 3 முதல் 4.30, அதுவே குளிகை. தாளுடன் ஒப்பிட்டால் பொருந்தும். வியாழக்கிழமை எமகண்டமும் சனிக்கிழமை குளிகையும் விடிந்ததும் ஆறு மணிக்கே வருவதன் காரணமும் இதுதான்.

ராகு காலத்திலும் எமகண்டத்திலும் தவிர்ப்பது தொடக்கத்தை மட்டும். ஏற்கெனவே தொடங்கிய வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஒன்பது மணி அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை எட்டரைக்குக் கிளம்புவதெல்லாம் இதில் சேராது. சேர்த்தால் தமிழ்நாட்டில் திங்கட்கிழமை வேலையே நடக்காது. செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில்தான் துர்க்கை சன்னிதியில் எலுமிச்சை விளக்கேற்றக் கூட்டம் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளிகையைக் கெட்ட நேரம் என்று எல்லோரும் கொள்வதில்லை. அப்போது செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. எனவே நகை வாங்கலாம், கடன் வாங்கக் கூடாது. சாவு வீட்டில் குளிகை முடிந்த பிறகே எடுப்பார்கள்.

ஊர்க் கணக்கு

தாளில் உள்ள 7.30, 9.00 எல்லாம் ஆறு மணிக்கு உதயம் என்ற வசதிக் கணக்கு. சென்னையிலேயே உதயம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 5.40க்கும் 6.35க்கும் இடையில் நகர்கிறது. கறாராகப் பார்ப்பவர்கள் அன்றைய உதயத்திலிருந்து மறைவு வரையிலான நேரத்தை எட்டால் வகுப்பார்கள்.

உள்ளூரில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். லண்டனில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் சிவகாசி காலண்டர் தொங்குகிறது. அங்கே அப்படி அடங்காது. ஜூன் கடைசியில் லண்டன் பகல் சுமார் பதினாறரை மணி நேரம், ஆகவே ராகு காலம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ராகு காலம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அவருக்கு நான் சொல்வது இரண்டே விதிகள். வட்டம் போட்ட வரிகளுக்கு இந்திய நேரத்திலிருந்து குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி கழித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட வரிகளைத் தாளில் பார்க்கவே பார்க்காதீர்கள். உங்கள் ஊர் உதயத்தையும் மறைவையும் வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நேரம், கௌரி, ஓரை

கௌரி பஞ்சாங்கமும் பகலை எட்டு, இரவை எட்டு எனப் பிரிக்கிறது. அமிர்தம், உத்தி, லாபம், தனம், சுகம் நல்லவை. ரோகம், சோரம், விஷம் ஆகாதவை. தாள் அச்சிடுபவர்கள் நல்ல பங்கிலிருந்து ஒரு மணி நேரத்தை மட்டும் வெட்டிப் போடுவார்கள். இரண்டு கம்பெனிக் காலண்டர்களில் கால் மணி முன்பின்னாக இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

ஓரை தாளில் பெரும்பாலும் பின்பக்கம் அல்லது அட்டையில் இருக்கும். உதயத்திலிருந்து மணிக்கு ஒரு கிரகம்: சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்ற சுழற்சி. அன்றைய கிழமைக் கிரகம் முதலில். ஞாயிற்றுக்கிழமை சூரியனில் தொடங்கி 24 ஓரை எண்ணினால் மறுநாள் முதல் ஓரை சந்திரனுக்கு விழும், அது திங்கள். கிழமைகளின் வரிசை பிறந்ததே இந்தச் சுழற்சியில்தான். சுக்கிரன், புதன், குரு ஓரைகளை நல்ல காரியத்துக்கு எடுப்பார்கள்.

சூலம், கரிநாள்

திங்கள், சனி கிழக்கே சூலம், செவ்வாய், புதன் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளி, ஞாயிறு மேற்கே. அந்தத் திசையில் பயணம் போனால் முறையே தயிர், பால், தைலம், வெல்லம் பரிகாரம். பேருந்தும் ரயிலும் டிக்கெட் கிடைத்த நாளில்தான் கிளம்புகின்றன; ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

கரிநாள் என்பது நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் நாள். இவை தமிழ்த் தேதிக்கு நிலையாகக் குறிக்கப்பட்டவை. தை 1, 2, 3 மூன்றுமே கரிநாள். பொங்கல் பானையை யாராவது இறக்கி வைத்திருக்கிறார்களா?

வாக்கியமா, திருக்கணிதமா

வீட்டில் இரண்டு காலண்டர் இருந்து திதி முடியும் நேரத்தில் மணிக்கணக்கில் வேறுபட்டால், அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். பழைய சூத்திர வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். அட்டையில் பாம்புப் படம் போட்ட பஞ்சாங்கம் இவ்வகை. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிப்பது திருக்கணிதம். இயற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் நவீன அளவுகளின் பக்கமே நின்றது. தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை வாக்கியத்தையே பின்பற்றுகின்றன.

வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சனிப்பெயர்ச்சி போதும். கும்ப ராசிக்குச் சனி போனது திருக்கணிதத்தின்படி 2023 ஜனவரி 17; திருநள்ளாற்றில் வாக்கியப்படி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. பதினொரு மாத இடைவெளி. எது சரி என்று சண்டை போடுவதைவிட, உங்கள் குடும்பம் எதைப் பார்க்கிறது என்று கேட்டு, அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காரியத்துக்கு இரண்டையும் கலப்பதுதான் தவறு.

செய்து பார்ப்போம்: வாடகை வீட்டில் பால் காய்ச்ச

கற்பனையாக ஒரு தாள். சென்னை, தை 20, திங்கட்கிழமை. வளர்பிறை தசமி மாலை 4.23 வரை. ரோகிணி நாள் முழுதும். உதயம் 6.35. நல்ல நேரம் காலை 6.30 முதல் 7.30.

கரிநாளா? தையில் 1, 2, 3, 11, 17 மட்டும், தப்பித்தோம். திதி வளர்பிறை தசமி, அஷ்டமியும் நவமியும் கடந்தாயிற்று. ரோகிணி மேல்நோக்கு. சந்திராஷ்டமம் சுவாதிக்கு; வீட்டில் யாரும் சுவாதி இல்லை. இருந்தால், அவர் பாலைத் தொடாமல் பக்கத்தில் நிற்கட்டும்; என் வீட்டில் அப்படித்தான் சமாளித்தோம். ராகு தாளின்படி 7.30 முதல் 9; உதயத்தை வைத்து வகுத்தால் சுமார் 8.00 முதல் 9.30. இரண்டுக்கும் பொதுவாகப் பார்த்தால் 7.30க்கு முன் முடித்துவிட வேண்டும். எமகண்டம் 10.30க்குத்தான். முடிவு: 6.45க்கு அடுப்பைப் பற்றவைத்து, பொங்கியதும் ஏழு மணிக்குள் எல்லோருக்கும் ஒரு வாய் பால். லாரிக்காரர் பத்து மணிக்கு வந்தாலும் கவலையில்லை, தொடக்கம் நடந்தாகிவிட்டது.

பயிற்சிக்குக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். "தை மாதம் 20ஆம் நாள் திங்கட்கிழமை, வளர்பிறை தசமி திதியும் ரோகிணி நட்சத்திரமும் அமிர்தயோகமும் கூடிய சுபதினத்தில்" என்று வாயில் நுழையாமல் ஓடும் அந்த ஒரு வாக்கியம்தான் முழுப் பஞ்சாங்கமும். அந்த நாளின் தாளை எடுத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபாருங்கள். நாலு பத்திரிகைக்குள் கை பழகிவிடும்.

இன்னும் ஒன்று. வீட்டில் குழந்தை பிறந்தால் அன்றைய தாளைக் குப்பையில் போடாதீர்கள். பின்புறம் பிறந்த மணி, நிமிடம், ஊர் மூன்றையும் எழுதிப் பெட்டியில் வையுங்கள். விடிவதற்கு முன் பிறந்திருந்தால் முந்தின நாள் தாளையும் சேர்த்து வையுங்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் என் பெயர் எழுதி இரண்டு தாள்கள் மடித்து வைத்திருந்தன. நான் பிறந்தது அதிகாலை நாலே கால் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.